அரசின் கை எதுவரை நீளலாம்? – வாசகர் கேள்வி பதில்

சென்ற இதழில், தெருவோரத்தில் காய் விற்பவரிடம் உரிமம் கேட்பதற்கு அரசுக்கு என்ன உரிமை இருக்கிறது என்று இப்பகுதியில் எழுதியிருந்தோம். அந்த ஒரு வாக்கியத்துக்குப் பழைய வடாற்காட்டின் நாலா பக்கமிருந்தும் கடிதங்கள் வந்திருக்கின்றன. பாராட்டியவர்கள் சிலர், கோபித்துக்கொண்டவர்களே அதிகம். எனவே இம்முறை பக்கங்கள் முழுவதையும் அந்தப் பொருளுக்கே ஒதுக்கியிருக்கிறோம்.

லிபர்டேரியன் என்று தம்மைச் சொல்லிக்கொள்பவர்கள் இணையத்தில் பெருகிவிட்டார்கள். அவர்கள் சொல்வதன் சாரம் என்ன? நம் ஊருக்கும் அதற்கும் ஏதாவது சம்பந்தம் உண்டா, ஐயா?
– கல்லூரி மாணவர், காட்பாடி

பிறர் உடலுக்கும் உடைமைக்கும் தீங்கு செய்யாதவரை ஒருவர் தம் வாழ்வைத் தம் விருப்பப்படி நடத்திக்கொள்ளலாம். அதில் குறுக்கிடுபவர் யாராக இருந்தாலும், குறிப்பாகக் காவல்துறையையும் வரி வசூலையும் கையில் வைத்திருக்கும் அரசாக இருந்தால், குறுக்கிடுவதற்கான நியாயத்தைச் சொல்லவேண்டிய பொறுப்பு அவரையே சேரும். சாரம் இவ்வளவுதான். இதை மனதார ஏற்றுக்கொண்டவர் தொழிலுக்கு உரிமம் கேட்பதையும் எதிர்ப்பார், அடுத்தவர் தட்டில் என்ன இறைச்சி இருக்கிறது என்று எட்டிப் பார்ப்பதையும் எதிர்ப்பார். இறக்குமதி வரியையும் எதிர்ப்பார், விசாரணையில்லாச் சிறையையும் எதிர்ப்பார். அதனால்தான் நம் அரசியல் மேடைகளில் இவருக்கு நாற்காலி போட எந்தக் கட்சிக்கும் மனம் வருவதில்லை. நீங்கள் இணையத்தில் பார்ப்பவர்களில் பெரும்பாலோர் இதில் பாதியை மட்டும் பிடித்துக்கொண்டவர்கள். வரியைக் குறை என்று உரக்கச் சொல்வார்கள், வாரன்ட் இல்லாமல் ஒருவரைப் பிடித்துச் சென்றால் வாய் திறக்கமாட்டார்கள்.

நம் ஊரோடு சம்பந்தம் நிச்சயமாக உண்டு. ஒத்துழையாமை இயக்கத்தில் 1921 டிசம்பரில் கைதான ராஜாஜி, மூன்று மாதச் சிறைவாசத்தை வேலூர் மத்திய சிறையில்தான் கழித்தார். அங்கே எழுதிய நாட்குறிப்பில், சுயராஜ்யம் கிடைத்த கையோடு நல்ல ஆட்சி வந்துவிடாது என்றும், தேர்தல்களும் அவற்றின் ஊழலும், அநீதியும், பணத்தின் ஆதிக்கமும், நிர்வாகத் திறமையின்மையும் சேர்ந்து வாழ்க்கையை நரகமாக்கும் என்றும் குறித்து வைத்தார். வெள்ளையனை எதிர்த்துச் சிறைக்குப் போனவர் அந்தச் சிறையிலேயே உட்கார்ந்து, வரப்போகும் நம்மவர் ஆட்சியைப் பற்றியும் கவலைப்பட்டார் என்பது வியப்புக்குரியது. 1952இல் சென்னை மாகாண முதலமைச்சரானதும் உணவு தானியக் கட்டுப்பாட்டை நீக்கினார். 1959இல் சுதந்திராக் கட்சியைத் தொடங்கி, எந்தத் தொழிலுக்கும் அரசின் அனுமதி கேட்ட நேரு காலப் பொருளாதாரத்துக்குப் 'பெர்மிட் லைசென்ஸ் கோட்டா ராஜ்யம்' என்று அவர் வைத்த பெயர் இன்றும் புழங்குகிறது.

ஆனால் அதே ராஜாஜிதான் 1937இல் சேலத்தில் மதுவிலக்கைக் கொண்டுவந்தார். கள் வருமானம் போன பள்ளத்தை நிரப்ப 1939இல் விற்பனை வரியையும் கொண்டுவந்தார். இவ்விரண்டையும் செய்தவரைத் தூய லிபர்டேரியன்கள் தம் வரிசையில் நிறுத்தமாட்டார்கள். எனக்கென்னவோ, முழுத் தூய்மையோடு இருப்பவரைவிட இப்படி முரண்பட்டு நின்றவரிடமே கற்றுக்கொள்ள அதிகம் இருப்பதாகத் தோன்றுகிறது.

சுதந்திரச் சந்தையின் தாயகம் என்று அமெரிக்காவைச் சொல்கிறார்கள். அந்த நாடு 2025 ஆகஸ்டில் நம் சரக்குக்கு 50 சதவீத வரி போட்டபோது எங்கள் ஷூ கம்பெனியில் ஆர்டர்கள் நின்றன. இதற்கு உங்கள் லிபர்டேரியன்கள் என்ன சொன்னார்கள்?
– ஏற்றுமதி நிறுவனக் கணக்காளர், ஆம்பூர்

'உங்கள்' என்பதை மட்டும் திருப்பி அனுப்புகிறேன். மற்றபடி கேள்வி நியாயமானது. அமெரிக்க லிபர்டேரியன்கள் வெறுமனே கண்டித்து எழுதியதோடு நிற்கவில்லை, வழக்குத் தொடுத்தார்கள். லிபர்ட்டி ஜஸ்டிஸ் சென்டர் என்ற லிபர்டேரியன் சட்ட அமைப்பு, ஒயின் இறக்குமதி செய்யும் ஒரு சிறு நிறுவனம் உள்ளிட்ட ஐந்து சிறு வணிகர்களின் சார்பில் நீதிமன்றம் சென்று, 1977ஆம் ஆண்டின் அவசரகாலப் பொருளாதார அதிகாரச் சட்டத்தைக் காட்டி ஒரு குடியரசுத் தலைவர் நினைத்த நேரத்தில் நினைத்த நாட்டின் மீது வரி போட முடியாது என்று வாதிட்டது. 2025 மே மாதம் அமெரிக்காவின் பன்னாட்டு வணிக நீதிமன்றமும், ஆகஸ்டில் மேல்முறையீட்டு நீதிமன்றமும் அந்த வாதத்தை ஏற்றன. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை சென்றது. அவர்களுடைய பார்வையில் இறக்குமதி வரி என்பது அயல்நாட்டான் மீது விழும் அடியன்று. ஆம்பூர் ஷூவை வாங்க விரும்பும் ஓர் அமெரிக்கப் பெண்மணியிடம், அதை வாங்குவதற்காக அவருடைய சொந்த அரசே தண்டம் வசூலிப்பதுதான் அது.

ஆனால் அமெரிக்காவை நோக்கி நீட்டும் விரலை நம் பக்கமும் சற்றுத் திருப்பிப் பார்க்கவேண்டும். தோல் காலணி உற்பத்தி 2001 வரை சிறுதொழிலுக்கு மட்டுமே ஒதுக்கப்பட்ட பட்டியலில் இருந்தது. ஏற்றுமதிக்கு உறுதி கொடுக்காமல் ஒருவர் பெரிய அளவில் ஆலை வைக்க நினைத்தால் சட்டம் குறுக்கே நின்றது. சிறியவரைக் காப்பதாகச் சொன்ன அந்த ஏற்பாடு, சிறியவர் வளர்ந்தால் தண்டனை என்பதாகவே நடைமுறையில் முடிந்தது. வியட்நாமிலும் சீனாவிலும் ஒரே கூரையின் கீழ் பல ஆயிரம் பேர் வேலை செய்யும் ஆலைகள் எழுந்த காலம் அது.

இன்னும் நுட்பமான உதாரணம் கிரஸ்ட் தோல். பதப்படுத்தி உலர்த்தி, இறுதி மெருகு மட்டும் கொடுக்காத தோலை வெளிநாட்டுக்கு அனுப்பினால் 20 சதவீத ஏற்றுமதி வரி இருந்தது. பச்சைத் தோலாகவோ அரைகுறைத் தோலாகவோ அனுப்பாதே, ஷூவாகத் தைத்து அனுப்பு, வேலைவாய்ப்பு உள்ளூரில் நிற்கும் என்பது 1970களிலிருந்து அரசு பிடித்துவந்த கொள்கை. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. அந்த வரியின் சுமை யார் தலையில் விழுந்தது என்று, தோல் பதனிடும் ஆலைகளான டேனரிகள் நிறைந்த பேரணாம்பட்டிலோ மேல்விஷாரத்திலோ போய் விசாரித்தால் கதை வேறு. ஃபினிஷிங் இயந்திரம் வாங்க வசதியில்லாத சிறிய டேனரிக்காரருக்கு வெளிநாட்டு வாங்குபவர் நல்ல விலை தரத் தயாராக இருந்தும், வரி குறுக்கே நின்றதால் உள்ளூரில் கேட்ட விலைக்குத் தள்ளிவிட வேண்டியிருந்தது. அதாவது ஷூ கம்பெனிக்குக் கிடைத்த சலுகையின் செலவைச் சிறிய டேனரி ஏற்றுக்கொண்டது. அரசின் கணக்குப் புத்தகத்தில் எங்கும் எழுதப்படாத மானியம் இது. 2025–26 மத்திய பட்ஜெட்டில் சிறிய டேனரிகளின் ஏற்றுமதிக்கு உதவும் என்ற காரணத்தைச் சொல்லியே இந்த வரியை நீக்கினார்கள். குரோமியத்தில் பதனிட்டு ஈரமாகவே இருக்கும் வெட் புளூ தோலுக்கான இறக்குமதி வரியும் நீங்கியது. உங்கள் நிறுவனத்தின் கணக்கில் முதல் மாற்றம் சற்றுக் கசக்கலாம், இரண்டாவது இனிக்கலாம். வரி நீங்குவதை நாம் வாங்கும் பொருளுக்கு மட்டும் வரவேற்று, நாம் விற்கும் பொருளின் போட்டிக்கு எதிர்ப்பது எல்லா ஊர்களிலும் உள்ள வழக்கம்தான்.

அரசு ஒதுங்கி நிற்கவேண்டும் என்கிறீர்கள். அரசு ஒதுங்கி நின்றதால்தானே எங்கள் பாலாறு டேனரிக் கழிவால் நாசமாயிற்று? எங்கள் கிணற்றுத் தண்ணீரைக் குடித்துவிட்டு இதே பதிலை எழுதுங்கள்.
– தென்னந்தோப்பு விவசாயி, வாணியம்பாடி வட்டம்

வந்த கடிதங்களில் மிகக் கடுமையானது இது. மிகச் சரியான இடத்தில் கை வைத்ததும் இதுவே.

குடித்துப் பார்க்கவில்லை, ஆனால் நாவில் வைத்துப் பார்த்திருக்கிறேன். வாணியம்பாடிக்கும் ஆம்பூருக்கும் நடுவே ஒரு தோப்பில், போர் தண்ணீரை எவர்சில்வர் சொம்பில் பிடித்து என்னிடம் நீட்டினார் தோப்புக்காரர். பார்க்கத் தெளிவாகத்தான் இருந்தது. பிறகு, முதல் நாள் காய்ச்சி வற்றவிட்ட இன்னொரு பாத்திரத்தைக் கவிழ்த்து, அடியில் பிடித்திருந்த வெள்ளைப் படிவத்தை நகத்தால் சுரண்டி விரல் நுனியில் வைத்தார். உப்பைத் தாண்டிய ஒரு கசப்பு, நெடுநேரம் தொண்டையில் நின்றது. தோப்பில் காய் பிடித்த மரங்களை எண்ணுவது காய் பிடிக்காதவற்றை எண்ணுவதைவிட எளிது.

வேலூர் குடிமக்கள் நலமன்றம் 1991இல் தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996 ஆகஸ்ட் 28 அன்று தீர்ப்பளித்தது. டேனரிகள் நிறைந்த பகுதியில் ஏறத்தாழ 35,000 ஹெக்டேர் விளைநிலம் பகுதியாகவோ முழுமையாகவோ சாகுபடிக்கு உதவாமல் போயிற்று என்ற ஆய்வை அத்தீர்ப்பு எடுத்துக்காட்டுகிறது. மாசுபடுத்தியவரே இழப்பீடு தரவேண்டும் என்ற கோட்பாடு இந்திய நாட்டின் சட்டமே என்று அது அறிவித்ததால், சட்டக் கல்லூரிகளில் நாடெங்கும் மாணவர்கள் நம் ஊரின் பெயரைப் படிக்கிறார்கள், பெருமைப்படும் காரணமன்று.

இங்கே லிபர்டேரியனின் வாதத்தைக் கேட்போம். என் தோலை ஊறவைத்த குரோமிய நீர் உங்கள் கிணற்றுக்குள் இறங்கினால், நான் வேலி தாண்டி வந்து உங்கள் மாட்டை அவிழ்த்துக்கொண்டு போனதற்கு அது சமம். அத்துமீறல் என்ற ஒரு சொல் போதும், வேறு கோட்பாடு தேவையில்லை. அரசு ஒதுங்கி நின்றதால் பாலாறு கெட்டது என்பதையும் அவர் ஏற்கமாட்டார். அரசு நடுவே நின்றது என்பார். 1974ஆம் ஆண்டின் நீர்ச் சட்டப்படி மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் இருந்தது, இசைவாணை இருந்தது, கெடு இருந்தது. பத்தாண்டுகளாக வாரியம் வற்புறுத்தியும் பெரும்பாலான ஆலைகள் சுத்திகரிப்பு ஏற்பாடு செய்யவில்லை என்று 1996 தீர்ப்பே சொல்கிறது. ஏன் செய்யவில்லை? அந்நியச் செலாவணி ஈட்டும் தொழில் என்று ஒரு கையால் தட்டிக்கொடுத்துக்கொண்டே மறு கையால் நோட்டீஸ் அனுப்பினால், எந்தக் கையை நம்புவது என்று முதலாளிக்குத் தெரியும். அனுமதி என்ற காகிதம் கிணற்றுக்காரருக்குக் கவசமாக இல்லாமல் ஆலைக்காரருக்குக் கவசமாக இருந்தது. அரசு எதையெல்லாம் செய்யக்கூடாதோ அதையெல்லாம் செய்துவிட்டு, செய்யவேண்டிய ஒன்றை, அதாவது ஒருவர் உடைமையை மற்றவர் கெடுக்காமல் காப்பதை, விட்டுவிட்டது என்பது அவருடைய குற்றச்சாட்டு. நோயை இவ்வளவு துல்லியமாகச் சொன்ன வேறு தரப்பை நான் பார்க்கவில்லை.

மருந்துதான் தடுமாறுகிறது. அத்துமீறலுக்கு நீதிமன்றம் போ என்பார். இரண்டு ஏக்கர் வைத்திருப்பவர், தம் கிணற்றில் இறங்கிய குரோமியம் நூற்றுக்கணக்கான ஆலைகளில் எந்த ஆலையின் தொட்டியிலிருந்து வந்தது என்று எப்படி நிரூபிப்பார்? உரிமை யாருடையது என்று தெளிவாகிவிட்டால் இரு தரப்பும் தாமே பேரம் பேசித் தீர்த்துக்கொள்ளலாம் என்பதை ரொனால்டு கோஸ் 1960இல் விளக்கினார் என்று மேற்கோள் காட்டுவார்கள். பேரம் பேசும் செலவு பெரிதாக இருக்கும் இடத்தில் அது நடவாது என்பதும் அதே கோஸின் வாதத்தில் சரிபாதி என்பதைச் சொல்லமாட்டார்கள். நீதிமன்றமும்தான் எவ்வளவு காலம் எடுத்துக்கொண்டது! 1991இல் தொடங்கிய விவகாரத்தில், பாதிக்கப்பட்டவர்களுக்கு இழப்பீடு கொடு, அதை ஆலைகளிடமிருந்து வசூல் செய் என்று 2025 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் மீண்டும் உத்தரவிட வேண்டியிருந்தது. வழக்கு நடந்த காலத்தில் தோப்பு பேரன் கைக்கு வந்துவிட்டது.

ராணிப்பேட்டையில் மூடிய குரோமேட் ஆலை இன்னொரு விதமான சிக்கல். ஆலை நின்று பல ஆண்டுகளுக்குப் பின்னும் லட்சம் டன்னுக்கு மேற்பட்ட கழிவு குவியலாகக் கிடந்து, மழைதோறும் மஞ்சள் நீராக வழிந்தது. கம்பெனியே இல்லாமல் போனபின் யார் மீது வழக்குப் போடுவது? கம்பெனியின் கடனுக்குப் பங்குதாரரின் சொந்தச் சொத்து பொறுப்பாகாது என்ற பாதுகாப்பே அரசு எழுதிய சட்டத்தால் வந்த சலுகைதான் என்று சொல்லும் லிபர்டேரியன்களும் உண்டு. அவர்களோடு எனக்கு உடன்பாடு. ஆனால் அப்படிச் சொல்பவர்கள் அந்தக் கூட்டத்தில் சிறுபான்மையினர், வர்த்தக சபைகள் அவர்களைப் பேச அழைப்பதில்லை.

ஆகவே, ஐயா, பாலாற்று விஷயத்தில் அரசு ஒதுங்கவேண்டும் என்று நான் சொல்லமாட்டேன். தோல் விலையைப் பற்றியும், யார் எவ்வளவு பெரிய ஆலை வைக்கலாம் என்பதைப் பற்றியும் கவலைப்படுவதை விட்டுவிட்டு, அந்த ஆட்களையும் அந்தப் பணத்தையும் கழிவு நீர்க் குழாயின் வாயில் கொண்டுவந்து நிறுத்தட்டும்.

மாதம் ஆயிரம் ரூபாய் மகளிர் உரிமைத்தொகை வாங்குகிறேன். எங்கள் பள்ளித் தலைமையாசிரியர் இதைப் பிச்சை என்கிறார். நீங்களும் அப்படித்தான் நினைக்கிறீர்களா?
– சத்துணவு உதவியாளர், குடியாத்தம்

இல்லை, அம்மா. சந்தைப் பொருளாதாரத்தின் பெரிய வக்கீலாக அறியப்படும் மில்டன் ஃப்ரீட்மனே ஏழைகளுக்கு உதவுவதாக இருந்தால் பொருளாகக் கொடுக்காமல் பணமாகக் கொடுங்கள் என்று வாதிட்டவர். வருமானம் ஓர் அளவுக்குக் கீழே போனால் அரசிடமிருந்து பணம் திரும்பி வரும் வருமான வரித் திட்டம் ஒன்றையே அவர் முன்வைத்தார். காரணம் எளியது. 2006இல் வண்ணத் தொலைக்காட்சி கொடுத்தார்கள். 2011இல் மிக்சி, கிரைண்டர், மின்விசிறி கொடுத்தார்கள். உங்கள் வீட்டுக்கு எது தேவை என்று சென்னையில் ஒருவர் முடிவு செய்தார், டெண்டரில் வேறு ஒருவர் சம்பாதித்தார். 2023 செப்டம்பரில் தொடங்கிய உரிமைத்தொகையில் அந்த முடிவு உங்கள் கைக்கு வந்திருக்கிறது. பிள்ளையின் நோட்டுப் புத்தகமா, தண்டல்காரருக்குத் தவணையா என்பதை நீங்களே தீர்மானிக்கிறீர்கள்.

தலைமையாசிரியருக்கும் ஒரு நியாயம் உண்டு: அந்த ஆயிரம் ரூபாய் எங்கிருந்து வருகிறது என்பது. 2003இல் சில்லறை மது விற்பனையை அரசே எடுத்துக்கொண்ட பிறகு, குடும்பத் தலைவரிடம் கடையில் வாங்குவதும் குடும்பத் தலைவியிடம் வங்கியில் கொடுப்பதும் ஒரே கஜானாதான். இன்னொரு கோணமும் இருக்கிறது. வாக்காளர் கையில் பணம் சேர்வது தேர்தலுக்கு முந்தைய இரவில் கட்சிக்காரர் மூலமாகவா, சட்டப்படி மாதாமாதம் வங்கி மூலமாகவா என்பது அது. பணப் பட்டுவாடா புகாரால் 2019 ஏப்ரலில் மக்களவைத் தேர்தலே ரத்தாகி, ஆகஸ்ட் 5 அன்று தனியாக வாக்களித்த தொகுதிக்காரர்களான நமக்கு இந்த வேறுபாடு நன்றாகவே தெரியும். இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொன்னால் வங்கிக் கணக்கையே தேர்ந்தெடுப்பேன்.

பம்புசெட்டுக்கு இலவச மின்சாரம் வேண்டுமா, வேண்டாமா? ஒரே வார்த்தையில் சொல்லவும்.
– விவசாயி, அணைக்கட்டு

மீட்டர். மின்சாரத்துக்குப் பணமே வாங்காவிட்டாலும், எவ்வளவு ஓடியது என்று யாருக்குமே தெரியாத ஏற்பாட்டில் உங்கள் போர் ஆழமாகுந்தோறும் பக்கத்து நிலத்துக்காரரின் போர் வற்றுகிறது. அதுவும் ஒருவகை அத்துமீறல்தான்.

லாங் பஜாரில் தள்ளுவண்டியில் பழம் விற்கிறேன். உரிமமே தேவையில்லை என்று நீங்கள் எழுதியதைப் படித்துச் சிரித்தேன். அடையாள அட்டை ஒன்று இருந்தாலாவது வண்டியைத் தூக்காமல் இருப்பார்களே என்று அலைகிறவன் நான்.
– வியாபாரி, வேலூர்

உங்கள் சிரிப்பில் நியாயம் இருக்கிறது. உரிமம் என்பது வேண்டாத சுமை என்று பேசுவது வீட்டில் உட்கார்ந்து எழுதுபவருக்கு எளிது. அதிகாரியின் லாரி வந்து நிற்கும்போது கையில் காட்ட ஒரு காகிதம் இருக்கவேண்டும் என்பது தெருவில் நிற்பவரின் கவலை. தெருவில் வியாபாரம் செய்வது அரசியலமைப்பின் 19ஆம் பிரிவு தரும் தொழில் உரிமையில் அடங்கும் என்று 1989லேயே சோதான் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. நியாயமான கட்டுப்பாடுகளுக்கு உட்பட்டு என்ற வாலும் அதில் உண்டு. 2014இல் தெரு வியாபாரிகளுக்கென்று தனிச் சட்டமே வந்தது. அதன்படி ஒவ்வொரு ஊரிலும் விற்பனைக் குழு அமையவேண்டும், அதில் வியாபாரிகளின் பிரதிநிதிகள் 40 சதவீதத்துக்குக் குறையக்கூடாது, ஐந்தாண்டுக்கு ஒருமுறை கணக்கெடுக்கவேண்டும், கணக்கெடுப்பு முடிந்து சான்றிதழ் கொடுக்கும்வரை யாரையும் அப்புறப்படுத்தக்கூடாது.

சட்டம் இவ்வாறிருக்க நடப்பது என்ன என்பதை நான் உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. வண்டியைத் தூக்குவதற்கு முன் எடைத்தராசைத் தூக்குகிறார்கள். வண்டி நிற்கும், பழம் இருக்கும், வியாபாரம் மட்டும் நடக்காது. தராசு திரும்ப வருவதற்குள் திராட்சை தளர்ந்துவிடும். எதற்கும் ரசீது கிடையாது. ஒரு விஷயத்தை அரசு தடை செய்தால் அது நின்றுவிடுவதில்லை, அதற்கு ஒரு மாமூல் விலை பிறக்கிறது என்பதை லிபர்டேரியன்கள் எழுதியே புரியவைக்க முயல்கிறார்கள். நீங்கள் அதைத் தினமும் எண்ணிக் கொடுக்கிறீர்கள். நடைபாதையில் நடப்பவருக்கும் உரிமை உண்டு, எதிரே கடைக்கு வாடகை கொடுப்பவருக்கும் மனக்குறை உண்டு. வழி விட்டு நிற்கக் கோடு போடுவது மாநகராட்சியின் வேலை. கோட்டுக்குள் யார் நிற்கலாம், எத்தனை பேர் நிற்கலாம் என்று தேர்ந்தெடுப்பது அதன் வேலையன்று. அதுவரை, அட்டையை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். கொள்கை பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

ரவுடிகளைக் குண்டர் சட்டத்தில் போடுவதையும் சுதந்திரத்தின் பெயரால் எதிர்ப்பீர்களோ?
– ஓய்வுபெற்ற ரயில்வே ஊழியர், அரக்கோணம்

எதிர்ப்பேன். குற்றம் செய்தவரை விசாரித்துத் தண்டிக்கட்டும், ஆயுள் முழுக்க உள்ளே வைக்கட்டும். குண்டர் சட்டம் என்று நாம் சொல்லும் 1982ஆம் ஆண்டின் 14ஆவது சட்டம் அதைச் செய்யவில்லை. இனிமேல் குற்றம் செய்யக்கூடும் என்ற எண்ணத்தின் பேரில் ஒருவரை ஓராண்டு வரை விசாரணையின்றி அடைத்து வைக்கலாம், அதைத் தொடங்க மாவட்ட ஆட்சியரின் கையெழுத்தே போதும் என்கிறது. கள்ளச்சாராயம் காய்ச்சுபவர், போதைப்பொருள் விற்பவர் என்று தொடங்கிய அதன் பட்டியலில் 2004இல் திருட்டு வீடியோ விற்பவரும் சேர்ந்தார். பிறகு மணல் கடத்துபவர், இணையக் குற்றவாளி என்று அது நீண்டுகொண்டே போயிற்று. பாலாற்றில் மணல் அள்ளும் உரிமையை 2003இல் அரசு தனக்கே வைத்துக்கொண்டு, அதை மீறுபவரைக் குண்டர் என்றும் அழைக்கத் தொடங்கியது. ஏகபோகத்துக்கும் சிறைக்கும் உள்ள உறவு இதைவிடத் தெளிவாக விளங்காது. வாயாடிகளின் மீதும் போராட்டக்காரர்கள் மீதும் இச்சட்டம் பாய்ந்த கதைகளை இரு பெரிய கட்சிகளின் ஆட்சிகளிலும் கண்டிருக்கிறோம். எதிர்க்கட்சியாக இருக்கும்போது எதிர்ப்பதும் ஆளுங்கட்சியானதும் பயன்படுத்துவதும் இவ்விரண்டுக்கும் பொதுவான மரபு.

நீட் தேர்வைப் பற்றி லிபர்டேரியன்கள் எந்தப் பக்கம்?
– பெற்றோர், தொரப்பாடி

இரண்டு பக்கமும் இல்லை. 1918இல் ஐடா ஸ்கடர் பெண்களுக்கென்று தொடங்கிய மருத்துவப் பள்ளியிலிருந்து வளர்ந்த வேலூர் சி.எம்.சி. மருத்துவக் கல்லூரி, தன் மாணவரைத் தானே சோதித்து, கிராமப்புற மிஷன் மருத்துவமனைகளில் பணியாற்ற மனமுள்ளவரா என்றும் பார்த்துச் சேர்த்துக்கொண்டிருந்தது. நீட் கட்டாயமானபோது, 2017இல் நூறு எம்.பி.பி.எஸ். இடங்களில் ஒன்றை மட்டும் நிரப்பி மற்றவற்றைக் காலியாக விட்டது. 2020 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம், தனியார் சிறுபான்மைக் கல்லூரிகளுக்கும் நீட் பொருந்தும் என்று தீர்ப்பளித்துவிட்டது. லிபர்டேரியனின் அனுதாபம் சி.எம்.சி.க்கே: தன் சொந்த நிறுவனத்துக்கு மாணவரைத் தேர்ந்தெடுக்க அதற்கு உரிமை இல்லையா என்று கேட்பார். ஆனால் நீட்டிலிருந்து விலக்குக் கேட்ட தமிழ்நாட்டின் 2021 மசோதாவையும் அவர் கொண்டாடமாட்டார். டெல்லியின் ஒரே அளவுகோலுக்குப் பதில் பன்னிரண்டாம் வகுப்பு மதிப்பெண் என்ற சென்னையின் ஒரே அளவுகோலை வைக்க அது முனைந்தது. நன்கொடை என்ற பெயரில் கோடி கேட்கும் கல்லூரிகளுக்கும் இதே உரிமையைக் கொடுத்தால் என்ன ஆகும் என்று நீங்கள் கேட்கலாம். அதற்கு அவர் தரும் பதில், இடங்களின் எண்ணிக்கையை அனுமதி மூலம் இறுக்கிப் பிடிக்காதே, தட்டுப்பாடு இல்லாத பொருளுக்கு நன்கொடை கேட்க முடியாது என்பது. மருத்துவக் கல்வியில் அது எவ்வளவு தூரம் செல்லும் என்பதில் எனக்குச் சந்தேகம் உண்டு.

சுதந்திரம், சொத்துரிமை என்று பேசும் இவர்கள் சாதியைப் பற்றி மட்டும் ஏன் மௌனம் சாதிக்கிறார்கள்?
– வழக்கறிஞர், திருப்பத்தூர்

மௌனம் உண்மைதான், அது வெட்கப்படவேண்டிய மௌனம். அமெரிக்காவிலும் இதே கறை இருக்கிறது: ஹோட்டலில் யாரை அனுமதிப்பது என்பது உடைமையாளரின் உரிமை என்ற ரீதியில் வாதிட்டு, 1964ஆம் ஆண்டின் சிவில் உரிமைச் சட்டத்துக்கு எதிராக செனட்டர் பேரி கோல்ட்வாட்டர் வாக்களித்தார். தேநீர்க் கடையில் தனிக் குவளை வைப்பவரும் அதே உரிமையைத்தான் கோருவார்.

ஆனால் இவர்களுடைய சொந்தக் கோட்பாட்டை இவர்கள் எதிரிலேயே நிறுத்தலாம். லிபர்டேரியன் தத்துவத்தில் மிக ஆழமாகச் சிந்தித்தவர்களுள் ஒருவரான ராபர்ட் நோசிக், ஒரு சொத்து நியாயமாகக் கைக்கு வந்ததா என்று பார்க்கவேண்டும், அநியாயமாக வந்திருந்தால் அதைத் திருத்தவேண்டும் என்பதையும் தம் கோட்பாட்டின் ஓர் அங்கமாக வைத்தார். அந்த அங்கத்தைப் பஞ்சமி நிலத்துக்குப் பொருத்திப் பாருங்கள். செங்கல்பட்டு ஆட்சியர் டிரெமென்ஹீர் 1891இல் கொடுத்த அறிக்கையைத் தொடர்ந்து, சென்னை மாகாணத்தில் ஒடுக்கப்பட்ட மக்களுக்கு, பிறருக்கு விற்கக்கூடாது என்ற நிபந்தனையோடு ஒதுக்கப்பட்ட நிலம் அது. அதில் எவ்வளவோ இன்று வேறு சாதியினரின் பட்டாவில் இருக்கிறது. மிரட்டியும் ஏமாற்றியும் எழுதி வாங்கிய பத்திரம் பத்திரமாகாது என்பது இவர்களுக்கு அரிச்சுவடி. சொத்துரிமைக்காகக் கூட்டம் போடுபவர்கள் 1978இல் 44ஆவது திருத்தம் சொத்துரிமையை அடிப்படை உரிமைப் பட்டியலிலிருந்து எடுத்ததைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதுகிறார்கள். பஞ்சமி நில மீட்பு வழக்குகளில் ஒன்றிலாவது அவர்கள் வக்காலத்து போட்டு நான் பார்க்கவில்லை. செங்கல் சூளையிலும் அரிசி ஆலையிலும் முன்பணத்துக்குக் குடும்பத்தோடு கட்டுண்டு கிடந்தவர்கள் நம் மாவட்டத்திலிருந்து மீட்கப்பட்ட செய்திகளைப் படித்திருப்பீர்கள். ஒப்பந்தச் சுதந்திரத்தைப் பற்றி எழுத விரும்புபவர் அங்கிருந்து தொடங்கினால் அவருக்கு வாசகர்களும் கிடைப்பார்கள், மரியாதையும் கிடைக்கும்.

கடைசியாக ஒன்று. இந்தக் கொள்கை பிடித்துப்போனால் தமிழ்நாட்டில் எந்தக் கட்சிக்கு ஓட்டுப் போடுவது?
– இளைஞர், ஆற்காடு

அப்படியொரு கட்சி இல்லை. 1967 தேர்தலில் தி.மு.க.வோடு கூட்டணி வைத்து, இங்கே சட்டமன்றத்தில் 20 இடங்களையும் மக்களவையில் நாடு முழுவதுமாக 44 இடங்களையும் பிடித்த சுதந்திராக் கட்சி, 1974இல் பாரதிய லோக் தளத்தில் கரைந்துவிட்டது. அந்தக் கூட்டணியின் பிரசாரத்தில் ரூபாய்க்கு மூன்று படி அரிசி லட்சியம், ஒரு படி நிச்சயம் என்ற முழக்கமும் இருந்தது. மேடையில் உடன் இருந்த ராஜாஜியின் மனதில் என்ன ஓடியிருக்கும் என்று அறிய ஆசை.

நீங்களே புதிதாக ஒன்றைத் தொடங்க நினைத்தாலும் வாசலில் ஒரு தடை இருக்கிறது. மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 29ஏ பிரிவு, பதிவு கேட்கும் ஒவ்வொரு கட்சியும் சோஷலிசக் கோட்பாட்டில் உண்மையான பற்றுக் கொண்டிருப்பதாகத் தன் விதிமுறைகளில் எழுதித்தரவேண்டும் என்கிறது. 1989இலிருந்து இதுதான் நடைமுறை. சுதந்திராக் கட்சியை உயிர்ப்பிக்க விரும்பியவர்கள் பொய்யாக உறுதியளிக்க மறுத்து மும்பை உயர் நீதிமன்றத்தை நாடியதும் உண்டு. மற்றவர்கள் எல்லாரும் கையெழுத்துப் போட்டுவிட்டு, மறுநாளே முதலீட்டாளர் மாநாட்டுக்குப் புறப்பட்டுப் போகிறார்கள்.